வெள்ளிக்கிழமைச் சில்லறை

ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயக் குற்றிகளை ஒழிக்க வேண்டுமா என்று யாராவது கேட்டால் முதலில் கை தூக்குகிறவன் நானாகத்தான் இருந்தேன். கண்டிச் சந்தைக்குப் பின்தெருவில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருக்கிறேன். வாளி, பேசின், குப்பைக் கூடை. விலைவாசி தலைக்கு மேல் போன பிறகு இரண்டு ரூபாயில் முடிகிற விலை என் கடையில் ஒன்றுகூட இல்லை. அப்படியிருந்தும் எவனாவது ஒருத்தன் கை நிறையக் குற்றியை அள்ளிவந்து மேசையில் கொட்டுவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "தம்பி, இத எண்ணி முடிக்கிறதுக்குள்ள என்ட ஆயுசே முடிஞ்சிரும். நோட்டு ஈந்தா தாங்க, இல்லாட்டிப் போங்க" என்பேன். பக்கத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர் அதைக் கேட்டுச் சிரிப்பார். அவரும் அந்தக் குற்றியை வாங்குவதில்லை. தெருவில் ஒருவருமே வாங்குவதில்லை.

ஆனால் வெள்ளிக்கிழமைக்கு மட்டும் எனக்கு அது வேண்டும்.

எங்கள் ஆட்களின் கடைகளுக்கு வெள்ளிக்கிழமை காலையில் ஏழைகள் வரிசையாக வருவார்கள். ஜும்ஆத் தொழுகைக்கு முன் வருகிற ஒருவரையும் வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பது வாப்பா காலத்துப் பழக்கம். நாற்பது ஐம்பது பேர் வருவார்கள், ஆளுக்கொரு குற்றி. அதற்கென்றே வங்கியிலிருந்து இரண்டு ரூபாய்க் குற்றிகளைப் பையோடு வாங்கிவந்து பால்மா டின்னில் போட்டு வைப்பேன்.

முன்பு காலையில் கொடுத்த காசு பின்னேரமே எங்களிடம் திரும்பி வந்துவிடும். எங்களுக்கும் அப்போது சில்லறைத் தட்டுப்பாடு. அவர்கள் கொண்டுவந்து கொட்டுவதை எண்ணி எடுத்துக்கொண்டு நோட்டாகக் கொடுப்போம். ஐந்து பத்துக் கூடப் போட்டுக் கொடுத்ததும் உண்டு. சாமான் விலை ஏறி, சில்லறைக்கு வேலை இல்லாமல் போனதும் மாற்றிக் கொடுப்பதை நிறுத்தினோம். குற்றி கொடுப்பதை மட்டும் நிறுத்தவில்லை. இதில் ஒரு கோளாறு இருக்கிறது என்று என் களிமண் மண்டைக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

அந்த வரிசையில் ஒருத்தி ஹந்தானை மலைத் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்து இறங்கி வருவாள். என் வயதுதான் இருக்கும். கொழுந்து பறித்தவள். புருஷனுக்கு மூச்சிளைப்பு முற்றிய பிறகு அவரை விட்டுவிட்டு மலைக்குப் போக முடியாமல் வேலையிலிருந்து நின்றுவிட்டாள். மற்றவர்கள் கையில் விழுந்த இரண்டு ரூபாயைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார்கள். ஒருவன் என் கண் முன்னாலேயே அதைச் சாக்கடைக் கானுக்குள் விட்டெறிந்துவிட்டுப் போயிருக்கிறான். இவள் மட்டும் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "நல்லா இருங்க மொதலாளி" என்று சொல்லிவிட்டுப் போவாள்.

ஒரு வெள்ளி பின்னேரம் அவள் திரும்பவும் வந்தாள். தோளில் ஒரு துணிப்பை, கனத்தில் அந்தத் தோள் சாய்ந்திருந்தது. நான் பிலிமத்தலாவையிலிருந்து வந்த கடைக்காரர் ஒருவரோடு முப்பது வாளிக்கு விலை பேசிக்கொண்டிருந்தேன்.

"அவருக்கு ரெண்டு நாளா மூச்சு வாங்குதுங்க மொதலாளி. இழுக்குற பம்ப் முடிஞ்சிருச்சு. கிளினிக்குல இல்லியாம், வெளிய வாங்கச் சொல்லிட்டாங்க. மருந்துக் கடைக்குப் போனா, நோட்டா மாத்திக்கிட்டு வான்னு சொல்றாங்க. நீங்க எல்லாரும் குடுத்த காசுதாங்க இது. பம்ப்புக்குச் சரியா இருக்கு, எண்ணிட்டேன்."

அவள் சும்மா கேட்கவில்லை. இருக்கிற காசை மாற்றித் தரத்தான் கேட்டாள். எனக்கோ பேரம் தவறிவிடுமோ என்ற எரிச்சல்.

"இந்தச் சல்லிய வாங்கி நா எனத்தச் செய்ற? இங்க ஏலாம்மா. வங்கில குடுங்க."

"வங்கி மூடிருச்சுங்களே."

"அப்ப திங்கக்கெழம போங்க."

"சரிங்க மொதலாளி" என்றாள். பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு படியிறங்கிப் போனாள். நான் முப்பது வாளியையும் விற்று முடித்தேன். பையில் இருந்தது என் டின்னிலிருந்து போன காசு என்பது அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அவள் சும்மா கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன். அது என்னை நானே ஏமாற்றிக்கொள்வது.

மறுநாள் காலையில் மருந்துக்கடைக்காரர் படியில் நின்று கேட்டார். "நேற்று அந்த மனுசிக்கு மாத்திக் குடுத்தனீங்களே? உங்களிட்டைப் போகச் சொல்லி நான்தான் அனுப்பினனான். திரும்பி வருவா எண்டு பம்ப்பையும் எடுத்து வச்சுக்கொண்டு இருந்தனான்."

"நீங்களே அந்தக் காச எடுத்தீக்கலாமே" என்றேன்.

"ஓம்... எடுத்திருக்கலாம்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மலைக்குப் போய்ப் பார்த்திருக்கலாம். எந்த லயம் என்று தெரியாதுதான், ஆனால் விசாரித்தால் யாராவது காட்டியிருப்பார்கள். ஹந்தானை என்ன வெளிநாடா? கடையை விட்டுப் போக மனம் வரவில்லை. அவ்வளவுதான்.

அடுத்த வெள்ளி அவள் வரவில்லை. அந்த வாரம் தேத்தண்ணிக் கடையில் மறுபடியும் குற்றிகளை ஒழிக்கிற பேச்சு வந்தது. ஒழித்துவிட்டால் என் டின்னில் எதைப் போடுவது என்று யோசித்தேன். பத்து ரூபாய் போட்டால் நாற்பது பேருக்கு நானூறு. அந்தக் கணக்கு மனதில் ஓடியதும் வெட்கம் பிடுங்கித் தின்றது. என் கல்லா லாச்சிக்கு ஆகாத குற்றி ஏழையின் கைக்கு ஆகும் என்று வைத்திருந்திருக்கிறேன். அதற்கு நன்மை வேறு எழுதப்படுகிறது என்று நம்பியிருக்கிறேன். யா அல்லாஹ், என்ன மனிதன் நான்!

அதற்கடுத்த வெள்ளி வரிசையில் அவள் நின்றாள். நெற்றியில் பொட்டு இல்லை. கேட்கத் தேவையில்லை என்று தெரிந்தும் கேட்டேன்.

"ஞாயித்துக்கெழம காத்தால போயிட்டாருங்க" என்றாள். "வங்கி தொறக்குறதுக்கு மொத நாளு." அதில் குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள். சொல்லிவிட்டு வழக்கம்போலக் கையை நீட்டினாள்.

டின்னுக்குள் கை போகவில்லை. லாச்சியைத் திறந்து ஆயிரம் ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்து நீட்டினேன். பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் வாங்கவில்லை. நோட்டையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"இப்ப மாத்துறீங்களா மொதலாளி? அந்தப் பை லயத்துலதான் கெடக்குது. ஆயிரத்துக்கு வராதுங்க, கொறையும். போய் எடுத்துக்கிட்டு வந்துரவா?"