மைக்ராஸ்கோப்பில் குனிந்த நிபுணர்

நீலசந்திராவில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்த புதிதில், இளம் ஆசிரியர்களுக்கான ஃபெலோஷிப் எனக்குக் கிடைத்தது. அதைத் தந்த அறக்கட்டளையிலிருந்து டை கட்டிய நிபுணர் ஒருவர் என் வகுப்பைப் பார்வையிட வந்தார். அவருக்காகவே தலைமையாசிரியை பீரோவில் பூட்டி வைத்திருந்த மைக்ராஸ்கோப்பை வெளியே எடுத்தார். வெங்காயத் தோலை வைத்தேன். அடியிலிருக்கும் கண்ணாடியை வெளிச்சத்துக்குத் திருப்புவதற்குள் நிபுணர் குனிந்துவிட்டார்.

“பியூட்டிஃபுல். செல் எல்லாம் எவ்ளோ கிளியரா தெரியுது,” என்றார்.

அடுத்துப் பார்த்த மாணவி, “ஒரே இருட்டா கீது சார்,” என்றாள்.

“பாக்கத் தெரியணும்மா,” என்றார் நிபுணர்.

நான் கண்ணாடியைச் சன்னல் பக்கம் திருப்பி, “இப்ப பாருங்க சார்,” என்றேன். அவர் பார்க்கவில்லை. மைக்ராஸ்கோப்பின் மேல் கைவைத்தபடி போட்டோவுக்குப் பல்லைக் காட்டினார்.

அதன் பிறகு எத்தனையோ நிபுணர்கள் வந்துவிட்டார்கள். யார் வந்தாலும் கண்ணாடியைத் திருப்பாமல்தான் முதலில் பார்க்கச் சொல்கிறேன். இருட்டு என்று சொன்னவர் இதுவரை ஒருவருமில்லை.