காவேரி அழித்த மெசேஜ்

பத்து. சங்கம் வாங்கித் தந்த அந்தச் செல்போனில் பத்து மெசேஜ்தான் தங்கும், இதை மறக்காதீர்கள். நிரம்பிவிட்டால், ஒன்றை அழித்தால்தான் வெளியே காத்திருப்பது உள்ளே வந்து விழும்.

2002இல் பட்டு நெசவாளர்கள் கூலி உயர்வு கேட்டுத் தறியை நிறுத்தியபோது, காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் அந்தப் போன் தறி நெய்யும் காவேரியிடம் இருந்தது. சங்கத் தலைவர் கதிர்வேல் அனுப்பும் செய்தியை அவள் வீடு வீடாகப் போய்ச் சொல்வாள். "விட்டுடாத தங்கச்சி" என்று அவர் அனுப்பியதையெல்லாம் அழிக்க மனம் வராமல், பத்தையும் நிரப்பி வைத்திருந்தாள்.

ஒரு நாள் யாரையும் கேட்காமல், பழைய கூலிக்கே முதலாளிகளிடம் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார் கதிர்வேல். கூட்டம் கொதித்தது.

"கையெழுத்துக்கு முன்னாடியே எல்லாரையும் இட்டுக்கினு வான்னு காவேரிக்கு மெசேஜ் போட்டேம்பா. அது போனை ரொப்பி வச்சிக்கினு இருக்குது, எப்படிப் போய்ச் சேரும்?" என்றார்.

எல்லோரும் அவளை முறைத்தார்கள்.

"அப்போ அது இன்னும் வெளியவே நின்னுக்கினு இருக்கும், இல்லண்ணா?" என்றாள் காவேரி. அவர் முகத்தைப் பார்த்தபடியே "விட்டுடாத தங்கச்சி"யை அழித்தாள். போனை எல்லோர் முன்னாலும் நீட்டிப் பிடித்தாள். சிக்னல் முழுதாக இருந்தது.

கூட்டம் காத்திருந்தது. கதிர்வேல் செருப்பைத் தேடினார்.

வந்த மெசேஜ்: பூஜ்யம்.