தாட்சாயினியின் மஞ்சள் இலைகள்

கிரவீனில் தாட்சாயினி தன் வீட்டு முன்வளவில் வசந்தத்தில் மஞ்சளாகப் பூக்கும் டாஃபடிலின் கிழங்குகளை நட்டு ஐந்து வருடம். முதல் வருடம் பூத்தன. பிறகு வெறும் இலைதான். குற்றவாளி கணவர் கௌரிசங்கர். இந்தத் தென்னரைக்கோளத்தில் வசந்தப் பூக்காலம் முடிந்து இலை பழுக்கத் தொடங்கும் நேரம் பார்த்துத்தான் நவராத்திரி வரும். கொலு பார்க்க வருகிறவர்கள் மெச்ச வேண்டுமென்று மனிதர் புல்வெட்டியை எடுத்துவிடுவார்.

"இலை தானாக் காயவேணும், இஞ்சருங்கோ. அதுதான் கிழங்குக்குச் சாப்பாடு."

"பாழ்வளவு மாதிரிக் கிடக்கு. சனம் என்ன நினைக்கும்?"

பரமட்டா அலுவலகத்தில் முப்பது பேரைக் கட்டி மேய்க்கிறவள் அவள். வீட்டில் நாலு இலையைக் காப்பாற்ற வழியில்லை. வீட்டில் எல்லாமே வருகிற சனத்துக்காகத்தான். இந்தப் பூ ஒன்றாவது தனக்கென்று இருக்கட்டும் என்று ஆசைப்பட்டாள். இந்த வருடம் புல்வெட்டியின் பற்றரியைக் கைப்பையில் போட்டுக்கொண்டே வேலைக்குப் போனாள். இலைகள் நிம்மதியாகப் பழுத்துச் சாய்ந்தன.

விஜயதசமியன்று வேலை முடிந்து வந்தால், பாத்தி கிண்டிக் கிடந்தது. ஒரு கிழங்கும் இல்லை.

டண்டினொங்கிலிருந்து நவராத்திரிக்கு வந்து தங்கியிருந்த நாகலட்சுமி அன்ரி குசினியில் கத்தியோடு நின்றார். அன்ரி ஊரில் வெங்காயத் தோட்டக்காரர் வீட்டில் வளர்ந்தவர். கிழங்குகளை இலைத்தாளோடு சேர்த்து அழகாகப் பிடி கட்டியிருந்தார்.

"தாள் பழுத்துச் சாஞ்சிட்டுது பிள்ளை. இனியும் விட்டா வெங்காயம் அழுகிப்போம். ஒரு சம்பலும் போடுவம் எண்டு..."

"ஐயோ அன்ரி, கத்தியை வையுங்கோ! அது நஞ்சு!"

அன்ரி கத்தியைப் போட்டுவிட்டுக் கையை உதறினார். "நஞ்சோ? பிறகேன் நட்டனீ?"

"பூவுக்கு."

"பூ ஒண்டையும் காணேல்லையே!"

தாட்சாயினிக்கு அழுகையே வந்தது. யாரைத் திட்டுவது? ஒரு கிழங்கை எடுத்து அமத்திப் பார்த்தாள். இன்னொன்றையும் பார்த்தாள். போன வருடம் கிண்டிப் பார்த்தபோது பூண்டுப் பல்லாகச் சூம்பிக் கிடந்தவை இப்போது கல்லாகத் திரண்டிருந்தன. இலைகள் தங்கள் வேலையை முடித்த பிறகுதான் அன்ரி கை வைத்திருந்தார். அடுத்த வருடம் நிச்சயம் பூக்கும். பிடிகளையெல்லாம் மடியில் அள்ளிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துக் கௌரிசங்கர் உள்ளே வந்தார். "இப்பதான் வளவு வளவா இருக்கு! அன்ரிக்கு நன்றி சொல்லவேணும்."

"சொல்லுங்கோ. கோடை முடிய இதெல்லாத்தையும் வாசலில இருந்து கேற் மட்டும் ரெண்டு பக்கமும் வைக்கப்போறன். அடுத்த கொலுவுக்கு வாற சனம் பழுத்த இலைக்குள்ளாலதான் வரும்."