கருட சேவைக்கு முதல் நாள்

போன வாரம் போலீஸ் என்னைப் பிடித்துக்கொண்டு போனது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்கு என் மனைவியே சொல்லியிருப்பாள்!

சின்ன காஞ்சிபுரம் தேரடியில் சுயராஜ்யக் கூட்டம். எனக்கு முன்னால் பேசியவர் பட்டு வியாபாரி வரதப்பர். சமையற்காரனை உதைத்துக் கையை ஒடித்த ஒரு துரை, வெறும் அபராதத்தோடு வீட்டுக்குப் போன கதையைச் சொன்னார்.

"அதையே நம்மாளு செஞ்சிருந்தா உடுவாங்களா? தோலைப் பார்த்தா தண்டனை குடுக்கறது? நாமெல்லாம் ஒரே ஜனம்பா!"

அடுத்து நானும் பேசினேன். கைதட்டல் அடங்குவதற்குள் எங்கள் இருவரையும் லாக்கப்பில் தள்ளிவிட்டார்கள்.

உள்ளே ஏற்கெனவே ஒருவன் குந்தியிருந்தான். ஓரிக்கைப் பக்கத்துக் குறவன், முனியன். கூடை முடைந்து விற்கிறவன்.

"நீ என்னப்பா பண்ணே?"

"நாளைக்குக் கருட சேவைங்க சாமி."

"அது சரி... உன்னை எதுக்குப் புடிச்சாங்க?"

"அதுக்குத்தாங்க!"

அப்புறம்தான் விளங்கியது. ரேகைச் சட்டம்! அந்த ஜாதியில் பிறந்தால் போதும் - போலீசில் கைரேகை வைக்க வேண்டும். திருவிழா வந்தால் முன்கூட்டியே உள்ளே போக வேண்டும். நானாவது வாயைத் திறந்து உள்ளே வந்தேன். அவன் பிறந்ததே போதுமாக இருந்தது.

முனியன் தவித்துக்கொண்டிருந்தான். அவன் மகள் அம்மை கண்டு பிழைத்தவள். விடிந்ததும் அவளைத் தோளில் ஏற்றி, கருடன் மேல் வரும் பெருமாளைக் காட்டுவதாக வேண்டுதல். கோயிலுக்குள் அவனை யார் விடுவார்கள்? சாமியே தெருவுக்கு வந்தால்தான் உண்டு. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவன் மனைவி ஸ்டேஷன் வாசலில் நின்றாள்.

சாயங்காலம் சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். "இனிமே பார்த்துப் பேசுங்க. நீங்க ரெண்டு பேரும் கிளம்பலாம்."

"முனியன்?" என்றேன்.

"திருவிழா முடிஞ்சாத்தான்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வெள்ளைக்காரன் சட்டம் போட்டா, உமக்குன்னு ஒரு மனசாட்சி கிடையாதா?"

அவர் சிரித்தார். "சட்டம் அவங்களுதுதான் சார். ஆனா, இவங்களைப் புடிச்சு உள்ள போடுங்கன்னு வருஷா வருஷம் வந்து கேக்கறது யாரு? உங்க பக்கத்துல நிக்கறாரே, அவர்தான். இப்ப வேணாம்னு அவர் சொல்லட்டும், இந்த நிமிஷமே உட்டுடறேன்."

வரதப்பர் தரையைப் பார்த்தார். "கடைத்தெருவுல கூட்டம் ஜாஸ்திபா... அத்தனையும் பட்டு..."

"இவன் என்னிக்காவது உங்க கடையில கை வச்சானா?"

"இவன் வைக்கலை. ஆனா அவங்க ஜாதி..."

தோல் போய் ஜாதி வந்துவிட்டது, அவ்வளவுதான்! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் கெஞ்சினேன். "ஒரு வார்த்தை சொல்லுங்க வரதப்பரே. அந்தக் குழந்தை காத்துக்கினு இருக்குது."

வாசலில் எங்களுக்காக மாலையோடு கூட்டம் 'ஜே' போட்டது. வரதப்பர் என்னைப் பார்த்தார், முனியனைப் பார்த்தார், அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு நடந்தார்.

பின்னால் கம்பிக்குள்ளிருந்து முனியன் கூப்பிட்டான். "சாமி... சொராஜ்யம் வந்தா எங்களைக் கருட சேவை பாக்க உடுவாங்களா?"



விடியற்காலையில் குடைகள் அசைய, பெருமாள் வந்தார். அவன் மனைவி எம்பி எம்பிக் குழந்தையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். தெரு நெடுகக் கூப்பிய கைகள். வரதப்பர் சொன்னது பொய்யில்லை. நாமெல்லாம் ஒரே ஜனம்தான்...

முனியன் நீங்கலாக.