சம்பிக்கா வீட்டில் தங்கிய இரண்டு பேர்

கிரேக்கத்தின் ரோட்ஸ் தீவிலுள்ள லிந்தோஸுக்கு வரும் சுற்றுலாப் பயணிகளை, வாடகைக்கு அறை விடும் சம்பிக்காவின் வீட்டுக்கு அனுப்பும்போது ஊரார் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லித்தான் அனுப்புவார்கள். "வீடு சுத்தமா இருக்கும். கடலைப் பார்த்த ஜன்னல். அந்தம்மா மட்டும் கொஞ்சம் முறைச்சுப் பார்ப்பாங்க, கண்டுக்காதீங்க."

முறைப்பதோடு நின்றால் பரவாயில்லை. குளியலறையில் தண்ணீர் ஓடினால் ஏன் இவ்வளவு நேரம் ஓடுகிறது என்று காதைத் தீட்டிக்கொள்வாள். குப்பைக் கூடையை ஒரு கிளறு கிளறாமல் கொட்ட மாட்டாள். ஒரு கோடையில் அவள் வீட்டில் தங்கிய பிரெஞ்சுக்காரர் அறைக்குள் யாரையோ மிரட்டுகிறார் என்று போலீஸ் வரைக்கும் போய்விட்டாள். அவர் நாடக நடிகர். வசனம் மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். ஊர் அதை இன்றுவரை மறக்கவில்லை.

கூடப் பிறந்த குணம் இல்லை அது. அவள் கணவன் ஸ்தெர்கோஸ் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவன். ஆஸ்திரேலியாவில் ஒரு துறைமுகத்தில் இறங்கியவன் அங்கேயே இன்னொருத்தியோடு குடித்தனம் போட்டுவிட்டான். ஊருக்கே தெரியும். பல வருஷம் அவளுக்கு மட்டும் தெரியாது. ரொட்டிக் கடைக்குள் அவள் நுழைந்தால் பேச்சு சட்டென்று நின்றுபோகும். அதை மரியாதை என்று நினைத்திருந்தாள். உண்மை தெரிந்த நாளிலிருந்து, யார் பேச்சை நிறுத்தினாலும் அவளுக்குச் சந்தேகம்தான்.

மிஞ்சியது வீடு. தாய்வழியில் மகளுக்கு வரும் சீதனம் என்பதால் அவனால் அதைத் தொட முடியவில்லை. பழைய கப்பல் தலைவர் ஒருவர் கட்டியது. முற்றம் முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாகக் கூழாங்கல் பதித்த தரை. பெரிய அறையின் சுவரில் கூரைவரை வரிசையாகப் பூப்போட்ட பீங்கான் தட்டுகள். அந்தக் காலத்தில் எதிரே துருக்கிக் கரையிலிருந்து கப்பலில் வந்தவை. அருங்காட்சியகத்து ஆட்கள் வந்து கேட்டபோது காபிகூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டாள்.

அந்த வருஷம் அக்டோபரில் கூட்டம் வடிந்த பிறகு இரண்டு பேர் வந்து தங்கினார்கள். மேல் அறையில் நார்வேக்காரர் ஹால்வார். பனைமரம்போல உயரம், வாயைத் திறக்காத மனுஷர். கீழ் அறையில் ஏதென்ஸை ஒட்டிய துறைமுகமான பிரேயஸிலிருந்து வந்த லூக்கியா; ஐம்பது வயதிருக்கும், கலகலவென்று சிரிக்கிறவள்.

ஹால்வாரைப் பார்த்ததுமே சம்பிக்காவுக்குப் பொறி தட்டியது. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் வந்து தங்கியிருக்கிறார், காலைக்கூட நனைக்கவில்லை. கழுதைகள்கூட நிழலுக்கு ஒதுங்கும் உச்சி வெயிலில், நீளமான பை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு எதிர்க் குன்றுக்குக் கிளம்புவார். அங்கே பழைய கல்லறைகள்தான் உண்டு. திரும்பி வரும்போது முழங்காலிலும் முழங்கையிலும் செம்மண். அந்தப் பைக்குப் பூட்டு வேறு.

சதுக்கத்தில் காபிக்கடை வைத்திருந்த நோமிகோஸிடம் போய்ச் சொன்னாள். அவன் ஸ்தெர்கோஸின் சித்தப்பா மகன்.

"தோண்டுறான் நோமிகோஸ். பழைய சாமான் எடுக்குறான். நாளைக்கு மாட்டினா, வீடு யாரு வீடுன்னு என்னைத்தானே இழுப்பாங்க?"

"மதினி, போன தடவை நடிகரைப் புடிச்சுக் கொடுத்தீங்க. அதுக்கு முன்னாடி அந்தத் தேன்நிலவு ஜோடி, கள்ள நோட்டு அடிக்குதுன்னீங்க. இந்தத் தடவை கல்லறைத் திருடனா? நல்லா முன்னேறிட்டீங்க."

"சிரி. நீங்கல்லாம் சிரிச்சுத்தானே நான் நாசமாப் போனேன்."

நோமிகோஸ் கோப்பைகளைக் கழுவத் திரும்பிக்கொண்டான். ஆஸ்திரேலியா விஷயத்தைத் தெரிந்தும் சொல்லாமல் இருந்தவர்களில் அவனும் ஒருவன்.

லூக்கியா மட்டும்தான் சிரிக்காமல் கேட்டாள். முற்றத்தில் உட்கார்ந்து திராட்சை இலையில் அரிசியைச் சுருட்ட உதவினாள். ஊர்க்காரிகளைவிட மெல்லிசாகச் சுருட்டினாள். சுருட்டிக்கொண்டே தன் கதையைச் சொன்னாள். அவளையும் கணவன் விட்டுவிட்டுப் போய்விட்டானாம். கடைசியாகத் தெரிந்துகொண்டவள் தான்தானாம்.

"எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு அக்கா. என் சொந்தத் தங்கச்சிக்குக்கூட."

சம்பிக்காவின் கையிலிருந்த இலை அப்படியே நின்றது. அன்று ராத்திரி, அதுவரை யாரிடமும் சொல்லாத ரொட்டிக் கடை விஷயத்தை அவளிடம் அழுதுகொண்டே சொன்னாள். சொல்லி முடித்ததும் ஏதோ இறுக்கம் தளர்ந்ததுபோல இருந்தது. மறுநாள் குப்பைக் கூடையை எடுத்தபோது லூக்கியாவுடையதை மட்டும் கிளறாமல் கொட்டினாள்.

யோசனையைச் சொன்னதும் லூக்கியாதான். "இங்க உக்காந்து பயந்துட்டு இருந்தா ஆச்சா? அவன் பின்னாடியே போய்க் கண்ணால பாத்துருங்க. கையும் களவுமாப் புடிச்சா நோமிகோஸ் வாயை அடைச்சிரலாம்."

"வீட்டை விட்டுட்டா?"

"நான் எதுக்கு இருக்கேன்?"

சம்பிக்கா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். சாவியைக் கழற்றிக் கொடுக்கும்போது ஒரு கணம் விரல் தயங்கியது. தன்மேலேயே எரிச்சல் வந்தது. இந்தப் பாழாய்ப்போன புத்தி எவரையுமே விடாதா?

குன்றில் முள்ளும் சரளையும். ஹால்வாருக்கு வெகு தூரம் பின்னால், பாறைக்குப் பாறை ஒளிந்து ஏறினாள். உச்சிக்குப் பக்கத்தில் அவரைக் காணவில்லை. சுற்றிப் போய் எட்டிப் பார்த்தாள். ஒரு கல்லறை மேட்டுக்கு அப்பால், குப்புறப் படுத்திருந்தார் மனுஷர். பை திறந்து கிடந்தது. கையில் கறுப்பாக, நீளமாக ஏதோ இருந்தது.

"என்னய்யா பண்றே இங்க?" என்று கத்தியேவிட்டாள்.

அவர் திரும்பிப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார். பயந்தவர் மாதிரி தெரியவில்லை. பக்கத்தில் வா என்று கையசைத்தார். அவள் வரமாட்டேன் என்று நின்றாள். அவர் அந்தக் கறுப்புச் சாமானை முக்காலியில் பொருத்தி, அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். தொலைநோக்கி.

"பருந்து," என்றார், தெரிந்த கொஞ்ச கிரேக்கத்தில். "குஞ்சு. பறக்கப் பழகுது. சீக்கிரம் போகும், தெற்கே, ரொம்ப தூரம். சத்தம் வேணாம். பாருங்க."

இதுவும் ஒரு தந்திரமாக இருக்கும் என்ற நினைப்போடுதான் கண்ணை வைத்தாள். கடலுக்கு மேல் செங்குத்துப் பாறையில் ஒரு பொந்து. அதன் விளிம்பில் கரும்பழுப்புக் குஞ்சு ஒன்று இறக்கையை விரிப்பதும் மடக்குவதுமாகத் தவித்துக்கொண்டிருந்தது. கைநீட்டினால் தொடலாம்போல இருந்தது. மண் ஒட்டிய முழங்காலின் ரகசியம் இவ்வளவுதானா? அவளுக்கு வெட்கமாகவும் ஏமாற்றமாகவும் இருந்தது.

அவர் தண்ணீர் குடிக்கத் திரும்பிய நேரத்தில் கருவியை மெல்ல ஊர்ப்பக்கம் திருப்பினாள். யார் கையில் கொடுத்திருந்தாலும் திருப்பியிருப்பார்கள்; சம்பிக்கா திருப்பாமல் இருப்பாளா? நோமிகோஸின் கடை தெரிந்தது. ரொட்டிக் கடை வாசலில் இரண்டு பேர் நின்று பேசுவது தெரிந்தது. பிறகு அவள் முற்றம், கறுப்பு வெள்ளைத் தரை. தரையில் ஏன் இத்தனை பூக்கள்?

பூக்கள் இல்லை, தட்டுகள். லூக்கியா மண்டியிட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் துண்டில் சுற்றிப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். இலை சுருட்டுகிற அதே நேர்த்தி. அவசரமே இல்லை.

சம்பிக்கா கைபேசியை எடுத்தாள். நோமிகோஸைக் கூப்பிட்டாள்.

"நோமிகோஸ், அவ என் தட்டையெல்லாம் எடுத்துட்டுப் போறா!"

"யாரு, நார்வேக்காரனா?"

"லூக்கியா!"

"நேத்து வரைக்கும் தங்கமான பொண்ணுன்னீங்க? மதினி, வெயில்ல நிக்காதீங்க. வீட்டுக்குப் போய்த் தண்ணி குடிங்க."

எத்தனை முறை இவர்களிடம் கத்தியிருக்கிறாள்; இப்போது நிஜத்துக்குக் குரல் மிச்சமில்லை. ஹால்வார் குனிந்து தொலைநோக்கியில் பார்த்தார். நிமிர்ந்து அவள் கையிலிருந்து கைபேசியை வாங்கினார்.

"நான் பார்க்குது. தட்டு, பெட்டி. பொய் இல்லை. நீ ஓடு," என்றார் நோமிகோஸிடம்.

லிந்தோஸின் சந்துகளில் வண்டி நுழையாது. பெட்டியோடு ஊரைவிட்டுப் போகிறவர்கள் சதுக்கத்துக்கு வந்துதான் டாக்ஸி பிடிக்க வேண்டும். சம்பிக்கா சரளையில் சறுக்கி, மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது நோமிகோஸ் லூக்கியாவின் பெட்டிமேலேயே உட்கார்ந்திருந்தான். சுற்றி ஒரு கூட்டம்.

"தூக்கி விடறேன்னு கை வச்சேன், மதினி. கல்லு மாதிரி கனக்குது. அதான் உக்காந்துட்டேன்."

"அக்காதானே எடுத்துக்கச் சொன்னாங்க," என்றாள் லூக்கியா. முகத்தில் கொஞ்சமும் கலக்கமில்லை. "ராத்திரி அழுதப்போ, இதெல்லாம் யாருக்கு வச்சுட்டுப் போறேன், நீயே கொண்டுபோன்னு அவங்கதான் சொன்னாங்க. கேளுங்க அவங்களையே."

கூட்டம் சம்பிக்காவைப் பார்த்தது. அந்தப் பார்வையில் ஒரு கணம் சந்தேகம் இருந்தது. அழுதது என்னவோ உண்மைதான். அதை ஊர் நடுவில் போட்டு உடைத்துவிட்டாள் இவள். தட்டுகளை எடுத்ததைவிட அதுதான் சம்பிக்காவைச் சுட்டது.

"அழுதேன். கொடுக்கலை," என்றாள். "எங்க அம்மா கேட்டப்பவே ஒரு தட்டு கழட்டிக் கொடுக்காதவ நான். ஊருக்கே தெரியும்."

யாரோ சிரித்துவிட்டார்கள். அதோடு பேச்சு முடிந்தது. போலீஸ் வந்து பெட்டியைத் திறந்தார்கள். ஒன்றே ஒன்றுதான் விரிசல் விட்டிருந்தது. கூட்டிக்கொண்டு போகும்போது சம்பிக்கா லூக்கியாவின் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"உன் புருஷன் கதை நிஜமா?"

"உங்களுக்கு எது நல்லா இருக்கோ, அப்படியே வச்சுக்கோங்க அக்கா," என்று சொல்லிவிட்டு லூக்கியா போலீஸ் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

ஹால்வார் மாதக் கடைசிவரை இருந்தார். தினமும் மதியம் சம்பிக்கா அவருக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தாள். இரண்டு முறை கூடவே குன்றுக்கும் போனாள். குஞ்சு பறந்துபோன நாளில் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டாள். ஊரில் அவள் பேச்சுக்கு மதிப்பு கூடியது. சந்தேகம் வந்தால் ஆட்கள் இப்போது அவளிடமே வந்து கேட்டார்கள். தப்பான ஆளைத் துரத்திக்கொண்டுதான் குன்று ஏறினாள் என்பதை எல்லோரும் வசதியாக மறந்துவிட்டார்கள்.

குளிர்காலத்தில் வாக்குமூலத்துக்காக ரோட்ஸ் நகரத்துக்கு அழைத்தார்கள். லூக்கியா வேறு தீவுகளிலும் இப்படித்தான் செய்திருக்கிறாள் என்றார் அதிகாரி. ஓரிடத்தில் விதவை, இன்னோரிடத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவள். எந்த வீட்டுக்கு எந்தக் கதை பொருந்துமோ அந்தக் கதை.

"புருஷன் விட்டுட்டுப் போன கதையை வேற யார்கிட்டயாவது சொல்லியிருக்காளா?" என்று கேட்டாள் சம்பிக்கா.

அதிகாரி காகிதங்களைப் புரட்டிப் பார்த்தார். "இதுல இல்லையே. ஏன்மா, வழக்குக்கு அது முக்கியமா?"

"இல்ல," என்றாள். கையெழுத்துப் போட்டுவிட்டு மத்தியானப் பேருந்தில் ஊருக்குத் திரும்பினாள். தன்னிடம் மட்டும்தான் அதைச் சொல்லியிருக்கிறாள். அப்படியானால் நிஜமாக இருக்கலாம். தனக்கென்றே இட்டுக்கட்டியதாகவும் இருக்கலாம். வழி நெடுக அதையே புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை.