பைபாஸ் எதிர்ப்புக் குழுத் தலைவரின் சென்னைச் சுற்றுலா

கோடை விடுமுறைக்கு நன்னிலத்திலிருந்து சென்னையைச் சுற்றிப் பார்க்க வந்திருக்கிறோம்.

என் வீட்டுக்காரர் எதையும் மெச்சவில்லை. மெரினாவில் நின்றுகொண்டு, "நம்ம பூம்புகார்ல இல்லாத கடலா?" என்றார்.

இன்று காலை எங்கள் ஆட்டோ ஒரு பெரிய மேம்பாலத்தில் ஏறியது. கீழே வண்டிகள் முட்டி மோதி நிற்க, நாங்கள் மேலே பறந்தோம். மனிதருக்கு முகமே மலர்ந்துவிட்டது.

"பாத்தியா, ரோடுன்னா இதான் ரோடு! நம்ம ஊர்ல ரயில்வே கேட்டுல நின்னு நின்னே ஆயுசு போவுது."

உடனே வீடியோ எடுத்து, "நமக்கு இதெல்லாம் எப்ப வரும்?" என்று எழுதித் தம்பிக்கு அனுப்பினார்.

போனது தம்பிக்கு இல்லை. ஊரில் பைபாஸ் எதிர்ப்புக் குழு என்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது, அதற்கு. எங்கள் நஞ்சையில் பைபாஸுக்கு அளவுக்கல் நட்ட நாளிலிருந்து அதன் தலைவர் இவர்தான்.

பக்கத்து வயல்காரர் போன் செய்துவிட்டார். "அண்ணே, ரோடு வரட்டும்னா இப்பவே சொல்லிடுங்க. நாங்களும் குறுவைக்கு நாத்து விடாம இருந்துக்குறோம்."

"அட, அது வேறப்பா! இது மெட்ராஸு!"

நாளை ஊரில் தாலுகா ஆபீஸ் முன்னால் பைபாஸை எதிர்த்து உண்ணாவிரதம், தலைமை இவர். நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டுமாம். எந்த ஊருக்குள்ளும் நுழையாமல் பைபாஸிலேயே போகிற பஸ்ஸாகத் தேடி டிக்கெட் போட்டிருக்கிறார்.

அந்த பைபாஸெல்லாம் யார் யார் வயல் மேலே போகிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நான் கேட்டால் இவருக்குக் கோபம் வருகிறது.