சோப்பு போட்டுவிட்ட கை

செல்லக்கனிக்கு வாய் நீளம் என்பார்கள். நீளம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரே ஒரு நாள் அவள் வாயை மூடிக்கொண்டதால் வந்த வினையை, பக்கத்து அறையில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்த நான் கூடவே இருந்து பார்த்தேன்.

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஒன்பது வருஷம் அறுந்த இழையை ஒட்டியவள் அவள். விரல் நுனியெல்லாம் வெடித்துக் கிடக்கும். மதுரையில் ஆறு மாதம் பியூட்டி பார்லர் வேலை படித்துவிட்டு, 1992-ல் சுந்தரபாண்டியன் அண்ணாச்சியின் மாடியில் கடை திறந்தாள். "பஞ்சு புடிச்ச கைக்கு நெயில் பாலிஷ் கேக்குதாக்கும்" என்று ஊர் சிரித்தது. மறுநாளே தன் வெடித்த விரல்களுக்கு ரத்தச் சிவப்பாகப் பாலிஷ் போட்டுக்கொண்டு, மாடிப்படியில் நின்று எல்லோருக்கும் கைகாட்டினாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

பாலிஷ் உரிந்துவிட்டது என்று யாராவது வந்தால் நகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். நுனியில் மட்டும் தேய்ந்திருந்தால், சாம்பல் போட்டுப் பாத்திரம் துலக்கிய கை. குமிழ் விட்டிருந்தால், அவசரப்பட்டு ஃபேனடியில் காயவைத்த கை. தோலாக உரிந்து வந்தால், எண்ணெய்க் கை.

அடுத்த வருஷம் ஆவணியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜெயக்கொடியின் கல்யாணம். பருத்தி வியாபாரி வீட்டுப் பெண். ரவிக்கை என்னுடையது, நகம் செல்லக்கனியுடையது. முந்தின நாள் சாயங்காலம் போனோம். மருதாணி நன்றாகச் சிவக்க வேண்டுமென்று பெண்ணின் அத்தை பிச்சையம்மாள் இரண்டு நாளாக நீலகிரித் தைலம் தடவிவிட்டிருந்தாள். கை பளபளவென்று மின்னியது.

"சோப்புப் போட்டுக் கழுவணும் பெரியம்மா" என்றாள் செல்லக்கனி.

"ஏட்டி, தண்ணி பட்டா மருதாணி வெளுத்துரும். சும்மா போடு."

பெரிய வீடு, முதல் பெரிய வேலை. செல்லக்கனி வாயை மூடிக்கொண்டு போட்டாள். ராத்திரியே இரண்டு பேரும் ஊர் திரும்பிவிட்டோம்.

விடியற்கால முகூர்த்தத்தில் மணவறையிலேயே மூன்று நகத்தில் பாலிஷ் உரிந்து, ஒரு சிவப்புச் சில்லு அட்சதைத் தட்டில் விழுந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள். "மில்லுக்காரிக்கு என்ன தெரியும்? போலிச் சரக்கைப் பூசிட்டா" என்றாள் பிச்சையம்மாள். அடுத்த பஸ்ஸிலேயே அந்தப் பேச்சு ராஜபாளையம் வந்துவிட்டது. ஒன்பது மணிக்கு அண்ணாச்சி படியேறி வந்தார்.

"போலிச் சரக்குன்னு ஊரெல்லாம் பேசுதாவ. நம்ம கட்டடத்துக்குக் கெட்ட பேரு. மாசக் கடைசியில காலி பண்ணிரு."

நான் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. பையைத் தூக்கித் தோளில் போட்டாள்.

"எங்கேட்டி போறே?"

"கல்யாண வீட்டுக்கு. நேத்து பேசாம இருந்தேன்லா, அந்தப் பேச்சு பாக்கி இருக்கு. நீயும் வா."

மண்டபத்தில் பெண்ணின் அறைக்குள் நேராக நுழைந்தாள். மிச்சப் பாலிஷைத் துடைத்தெடுத்தாள். ஜெயக்கொடியின் வலது கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நகத்தின் விளிம்பையும் மூடி மெல்லிசாக மூன்று பூச்சு போட்டாள். பிறகு பிச்சையம்மாளிடம் திரும்பினாள்.

"இடது கைக்கு உங்க வழி. தைலத்தைத் தடவுங்க. அதுக்கு மேல அதே பாட்டில் பாலிஷத்தான் போடுதேன். சாப்பாடு முடியட்டும், எது நிக்குதுன்னு பாப்போம்."

"எம்புட்டுத் திமிரு இவளுக்கு!" என்று அத்தை கத்தினாள்.

"தடவுங்க அத்தை, நானும் பாக்கணும்" என்றாள் ஜெயக்கொடி. மணவறையில் தலைகுனிந்தவள் அவள்தானே.

மத்தியானம் சாம்பாரும் ரசமும் பிசைந்து சாப்பிட்ட வலது கையில் ஒரு கீறல் இல்லை. தண்ணீர்ச் செம்பைப் பிடித்ததைத் தவிர வேறொன்றும் செய்யாத இடது கை, கழுவும்போதே நான்கு நகம் உரிந்து நின்றது. சுற்றி நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"சரி சரி, சாயங்காலம் வரவேற்பு இருக்கு. இதையும் நல்லாப் போட்டு விடு" என்றாள் பிச்சையம்மாள், சுவரைப் பார்த்து.

"போடுதேன். ஆனா சோப்பை நீங்கதான் போட்டு விடணும் பெரியம்மா."

ஜெயக்கொடி சிரித்துக்கொண்டே இரண்டு கையையும் நீட்டினாள். வேறு வழியில்லாமல் பிச்சையம்மாள் சோப்பை எடுத்தாள். வாசலில் நின்ற கல்யாணப் போட்டோக்காரர் சும்மா இருப்பாரா?

ஒரு வாரம் கழித்து ஜெயக்கொடியே அந்தப் படத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். எல்லா பார்லரிலும் சினிமா நடிகை படம் மாட்டுவார்கள். செல்லக்கனி இதை மாட்டினாள். காலி பண்ணச் சொன்ன அண்ணாச்சி அதன் முன்னால் நின்று ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார். அதற்குப் பிறகும் பல வருஷம் கடை அங்கேயேதான் இருந்தது.

படத்தில் முகமே இல்லை. நகமெல்லாம் சிவந்த ஒரு கை, உரிந்துபோன ஒரு கை, அதற்கு நுரை பொங்கச் சோப்புத் தேய்க்கும் இன்னொரு கை. அந்த மூன்றாவது கையில் ஆறு கெட்டித் தங்க வளையல். யார் கை என்று செல்லக்கனி யாரிடமும் சொன்னதில்லை. அந்த வளையலைத் தெரியாதவர்கள் எங்கள் இரண்டு ஊரிலும் கிடையாது.